கென்னி லாஃப்டன்: பதினொரு அணிகளுக்கு ஆடியவரை எந்த ஊர்க்காரர் என்று சொல்வது?

எண்கணக்கன் எழுதியது:

பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2013ஆம் ஆண்டு நடந்த தேர்தலில் பேஸ்பால் எழுத்தாளர்கள் 569 பேர் வாக்களித்தார்கள். அவர்களில் கென்னி லாஃப்டனின் பெயரைக் குறித்தவர்கள் 18 பேர் மட்டுமே. ஐந்து விழுக்காட்டுக்குக் குறைவாகப் பெறுகிறவரின் பெயர் மறு ஆண்டுப் பட்டியலில் இடம்பெறாது என்பது விதி. ஆகவே பல ஆண்டுகள் பேசப்பட்டிருக்க வேண்டிய ஒரு பெயர் முதல் குளிர்காலத்திலேயே நீங்கிப் போனது.

17 பருவங்கள், 2103 ஆட்டங்கள், 2428 ஹிட்கள் (அடித்துவிட்டு பேஸை அடைந்த அடிகள்), 1528 ஓட்டங்கள், 622 பேஸ் திருட்டுகள், தடுப்பாட்டத்துக்காக நான்கு கோல்டு கிளவ் விருதுகள், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தொடர்ந்து ஆறு ஆண்டுகள் தேர்வு ஆகியவை அவருடைய கணக்கில் இருக்கின்றன. ஓர் ஆட்டக்காரர் தம் அணிக்குக் கூடுதலாகப் பெற்றுத்தந்த வெற்றிகளை மதிப்பிடும் 'வார்' என்னும் அளவீட்டில் அவர் சுமார் 68 பெறுகிறார். ஏற்கெனவே மண்டபத்துக்குள் இருக்கும் கிர்பி பக்கெட்டின் மதிப்பு அதே அளவீட்டில் 51ஐ ஒட்டியது. ஹூஸ்டன், கிளீவ்லாந்து, அட்லாண்டா, சிகாகோ ஒயிட் சாக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், சிகாகோ கப்ஸ், நியூயார்க் யாங்கீஸ், பிலடெல்பியா, லாஸ் ஏஞ்சலஸ், டெக்சாஸ் என்று பதினொரு சீருடைகளை அவர் அணிந்ததே வாக்காளர்களின் கண்ணை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புதியவன் எழுதியது:

ஐயா, நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பாலை அண்மையில்தான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். அவுட்ஃபீல்டர் ஒருவருக்கு இத்தனை புகழ் சேர்வதற்கான காரணத்தையும், அத்தனை புகழ் பெற்றவர் ஏன் இத்தனை அணிகள் மாறினார் என்பதையும் யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இரவுநேரப் பார்வையாளர் எழுதியது:

நண்பர் புதியவனுக்கு, முதல் கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். லாஃப்டன் ஆடியது சென்டர் ஃபீல்டு. வெளிக்களத்தின் நடுப்பகுதி முழுவதும் அந்த ஒருவரின் பொறுப்பு. இருபுறமும் நிற்கும் இருவரையும்விட அவர் அதிக தூரம் ஓடவேண்டும். மட்டை பிடிக்கும்போது அவர் வரிசையின் முதல் ஆள். முதல் ஆளின் வேலை பந்தை வேலிக்கு அப்பால் அடிப்பதன்று. எப்படியாவது பேஸை (ஓட்டமெடுக்க வரிசையாகத் தொட்டு வரவேண்டிய நான்கு நிலைகளில் ஒன்றை) அடைந்து, பின்னால் வருகிற வலிமையான மட்டையாளர்களுக்கு ஓட்டமெடுக்கத் தயாரான ஒருவனைக் களத்தில் நிறுத்தி வைப்பது. பிட்சர் பந்தை வீசும் நேரத்துக்குள் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்துவிடுவதைத்தான் பேஸ் திருட்டு என்கிறார்கள். லாஃப்டன் 1992 முதல் 1996 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, மேஜர் லீக் என்னும் உச்ச நிலைப் போட்டியின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்க லீக்கில் (மற்றது நேஷனல் லீக்) அதில் முதலிடம் பெற்றார். எண்ணிக்கைகள் முறையே 66, 70, 60, 54, 75.

இதில் வியப்புக்குரியது, அவர் பேஸ்பாலுக்கு வந்து சேர்ந்த வழி. இண்டியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோ என்னும் உருக்காலை நகரத்தில், கிளாக்கோமாவால் பார்வை குன்றிய பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு அவர் சென்றது கூடைப்பந்து உதவித்தொகையில். 1988இல் அந்த அணி கல்லூரிக் கூடைப்பந்தின் இறுதி நால்வரில் ஒன்றாக வந்தபோது, பின்னாளில் கோல்டன் ஸ்டேட் அணியின் பயிற்சியாளராக உலகறிந்த ஸ்டீவ் கெர் பாயின்ட் கார்டாக ஆடினார்; அவருக்கு மாற்றாக இறங்கியவர் லாஃப்டன். கல்லூரிப் பேஸ்பால் அணியில் அவர் ஆடியது ஒரு சில ஆட்டங்கள்தாம். அந்தக் கால்களின் வேகத்தை நம்பி ஹூஸ்டன் அணி 1988 டிராஃப்ட் என்னும் புதுமுகத் தேர்வின் 17ஆவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தது. பேஸ்பாலை ஏறத்தாழ இருபத்தொரு வயதில் முறையாகக் கற்கத் தொடங்கியவர், மூன்றே ஆண்டுகளில் 1991 செப்டம்பரில் மேஜர் லீக் களத்தில் நின்றார்.

கூடைப்பந்தின் இறுதி நால்வர் சுற்றிலும் பேஸ்பாலின் இறுதிக் கோப்பைத் தொடரான வேர்ல்ட் சீரீஸிலும் ஆடியவர்கள் என்று சொல்ல அவரைத் தவிர டிம் ஸ்டாடர்ட் என்னும் பிட்சர் ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். அவரும் அதே ஈஸ்ட் சிகாகோவின் அதே வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எண்கணக்கன் எழுதியது:

முதல் இடமாற்றத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் அதில் லாஃப்டனின் குறை என்று எதுவும் இல்லை. ஹூஸ்டன் அணி தன் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) கிரெய்க் பிஜியோவை 1992இல் இரண்டாம் பேஸுக்கு மாற்ற முடிவு செய்திருந்தது. அதனால் அவர்களுக்கு ஒரு கேட்சர் தேவைப்பட்டார். சென்டர் ஃபீல்டில் ஸ்டீவ் ஃபின்லி ஏற்கெனவே நிலைபெற்றிருந்தார். எனவே 1991 டிசம்பரில் எடி டவுபென்சீ என்னும் இளம் கேட்சரையும் வில்லி பிளேர் என்னும் பிட்சரையும் பெற்றுக்கொண்டு லாஃப்டனைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தார்கள். கிளீவ்லாந்தின் வரலாற்றில் இதைவிட லாபமான பரிமாற்றங்கள் மிகச் சிலவே இருக்கும். (ஃபின்லியும் பின்னர் ஊர் ஊராகச் சுற்றி, நேஷனல் லீக் மேற்குப் பிரிவின் ஐந்து அணிகளுக்கும் ஆடி முடித்தார் என்பது தனிக் கதை.)

ஏரிக்கரை வாசகி எழுதியது:

கிளீவ்லாந்து அணியைப் பற்றி எழுதாமல் இந்த விவாதம் நகர முடியாது. 1954க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பிளேஆஃப் (பருவத்தின் முடிவில் சிறந்த அணிகள் மோதும் சுற்றுகள்) பக்கமே எட்டிப் பார்க்காத அணி அது. ஏரிக்கரையில் இருந்த அதன் பழைய மைதானத்தில் பெரும்பாலான இருக்கைகள் காலியாகவே கிடந்தன. 1994இல் புதிய மைதானமான ஜேக்கப்ஸ் ஃபீல்டு திறக்கப்பட்டபோது அந்த அணியின் முதல் மட்டையாளராக லாஃப்டன் இருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கிப் பருவமே கைவிடப்பட்டது. அதற்குள் 112 ஆட்டங்களில் 0.349 சராசரியும் (மட்டை பிடித்த முறைகளில் ஹிட் ஆனவற்றின் பங்கு) 160 ஹிட்களும் எடுத்து, ஹிட் எண்ணிக்கையில் லீக்கின் முதல்வராக நின்றிருந்தார். அணியும் தன் பிரிவில் முதலிடத்துக்கு ஓர் ஆட்டம் மட்டுமே பின்தங்கியிருந்தது. அவருடைய மிகச் சிறந்த பருவம் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுபோனதை நான் இன்றும் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

1995 அமெரிக்க லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சியாட்டிலில், அந்தக் காலத்தில் எவரும் எதிர்கொள்ள அஞ்சிய ராண்டி ஜான்சன் பந்து வீசிக்கொண்டிருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்து ஒரே ஓட்ட முன்னிலையில் இருந்தது. லாஃப்டன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு முதல் பேஸை அடைந்தார், அடுத்து இரண்டாம் பேஸைத் திருடினார். பிறகு ஒரு பந்து கேட்சரின் கையிலிருந்து நழுவி ஓடியபோது, மூன்றாம் பேஸில் நின்றவர் ஓடி வந்து ஓட்டமெடுத்தது இயல்பானது. அவருக்குப் பின்னால், இரண்டாம் பேஸில் நின்ற லாஃப்டனும் நிற்காமல் ஓடி வந்து ஓட்டம் முடியும் இடமான ஹோம் பிளேட்டைத் தொட்டுவிட்டார். தவறவிட்ட ஒரு பந்தில் இரண்டு பேஸ்களைக் கடந்து ஓட்டமெடுப்பது சாதாரணமாக நடப்பதன்று. கேட்சர் பந்தை எடுத்து ஹோமுக்குத் திரும்புவதற்குள் ஆட்டம் சியாட்டில் அணியின் கையைவிட்டுப் போயிருந்தது. கிளீவ்லாந்து 41 ஆண்டுகளுக்குப் பிறகு வேர்ல்ட் சீரீஸுக்குச் சென்றது.

தடுப்பாட்டத்துக்கு ஒரு சான்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். 1996 ஆகஸ்டில் பால்டிமோரின் பி.ஜே. சர்ஹாஃப் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. லாஃப்டன் ஓடி வந்த வேகத்திலேயே சுவரில் காலை ஊன்றி ஏறி, இடுப்பு சுவருக்கு மேலே வரும் அளவுக்கு எழும்பி அந்த ஹோம் ரன்னைக் கைப்பற்றிக் கீழே இறங்கினார். காணொளியைத் தேடிப் பாருங்கள்.

வலதுகைப் பந்தாளன் எழுதியது:

மேலே எழுதியவர்கள் எல்லாரும் 1996க்கு முந்தைய லாஃப்டனைப் பற்றியே எழுதுகிறார்கள். அந்த லாஃப்டனை நானும் மதிக்கிறேன். ஆனால் விவாதம் பதினொரு அணிகளைப் பற்றியது என்பதால் சில கசப்பான கேள்விகளையும் கேட்டாக வேண்டும்.

1997 மார்ச்சில், பருவம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது, கிளீவ்லாந்து அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பி மார்க்கீஸ் கிரிசமையும் டேவிட் ஜஸ்டிஸையும் பெற்றது. அவர் இல்லாமலேயே அந்த அணி அந்த ஆண்டு வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டம் வரை சென்றது. அட்லாண்டாவில் அவர் 0.333 சராசரி எடுத்தார் என்பது உண்மை. ஆனால் 27 பேஸ்களைத் திருடியவர் 20 முறை பிடிபட்டார். முந்தைய ஆண்டு 75 முறை வென்று 17 முறை மட்டுமே பிடிபட்டவர் அவர். 2002 முதல் எந்த அணியும் அவரை இரண்டாம் பருவத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. பிளேஆஃப் ஆட்டங்கள் 95 ஆடியும் அவருடைய சராசரி 0.247 மட்டுமே. உண்மையிலேயே உயர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை இத்தனை அணிகள் கைவிடுமா?

எண்கணக்கன் எழுதியது:

திரு. பந்தாளன் அவர்களின் எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

1997 பரிமாற்றத்தின் காரணம் ஆட்டமன்று, ஒப்பந்தம். அந்தப் பருவத்தின் முடிவில் லாஃப்டன் ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) ஆகவிருந்தார். அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் அந்த அணியின் வலிமையான மட்டையாளர் ஆல்பர்ட் பெல் ஃப்ரீ ஏஜென்ட்டாகி ஒயிட் சாக்ஸுக்குப் போயிருந்தார். அவருக்கு ஈடாகக் கிளீவ்லாந்துக்கு எந்த ஆட்டக்காரரும் வரவில்லை. அதே இழப்பு மறுபடி நேரக்கூடாது என்றுதான் பொது மேலாளர் ஜான் ஹார்ட் முந்திக்கொண்டார். பிடிபட்ட 20 முறைகளுக்கும் காரணம் உண்டு: அந்த ஆண்டு தொடை இடுக்குக் காயத்தோடு ஆடி 122 ஆட்டங்களுக்கு மேல் அவரால் ஆட முடியவில்லை. பருவம் முடிந்தவுடன் அதே கிளீவ்லாந்துதான் அவரை மறுபடி ஒப்பந்தம் செய்தது. கைவிட்ட ஆட்டக்காரரை எட்டு மாதத்தில் யாரும் திரும்ப அழைப்பதில்லை.

2002 முதலான ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். முப்பத்துநான்கு வயதில் ஒயிட் சாக்ஸுடன் ஓராண்டு ஒப்பந்தம் செய்தார். அந்த அணி பின்தங்கியதும், சென்டர் ஃபீல்டருக்கு அலைந்துகொண்டிருந்த சான் பிரான்சிஸ்கோ ஜூலை இறுதியில் அவரை வாங்கியது. அக்டோபரில் செயின்ட் லூயிஸுக்கு எதிரான நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹிட்தான் அந்த அணியை வேர்ல்ட் சீரீஸுக்கு அனுப்பியது. மறு ஆண்டு பிட்ஸ்பர்க். அங்கும் ஜூலை வந்தது. முழங்கால் காயத்தால் கோரி பேட்டர்சனை இழந்திருந்த கப்ஸ், லாஃப்டனையும் அராமிஸ் ராமிரெஸையும் சேர்த்துப் பெற்றது. எஞ்சிய பருவத்தில் அவர் கப்ஸுக்காக 0.327 எடுத்தார். 2005இல் பிலடெல்பியாவில் 0.335. 2006இல், முப்பத்தொன்பது வயதில், லாஸ் ஏஞ்சலஸில் 0.301 சராசரியும் 32 திருட்டுகளும். 2007இல் டெக்சாஸ் அணியிலிருந்து ஜூலையில் அவரை வாங்கியது மீண்டும் கிளீவ்லாந்தே.

ஜூலை 31 பரிமாற்றக் கெடு நெருங்கும்போதெல்லாம் கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் முதலில் தொலைபேசியில் அழைத்தது யாருக்காக என்பதை இந்த வரிசையே சொல்கிறது. அவர் பதினொரு முறை பிளேஆஃப் கண்டார். ஆறு வெவ்வேறு அணிகளோடு கண்டார். வேண்டாதவரைத் தள்ளிவிடுவதும், வேண்டியவரை விலைகொடுத்து வாங்குவதும் ஏட்டில் ஒரே மாதிரி 'டிரேடு' என்றே பதிவாகின்றன. ஏட்டைப் படிக்கிறவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

புதியவன் எழுதியது:

அப்படியென்றால் அவரை விரும்பி வாங்கிய அணி ஏன் நீண்ட ஒப்பந்தம் தரவில்லை?

இரவுநேரப் பார்வையாளர் எழுதியது:

வயதுதான் காரணம், நண்பரே. கால்களை நம்பி ஆடுகிற ஒருவருக்கு முப்பத்தைந்துக்குப் பிறகு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுக்க எந்த மேலாளருக்கும் துணிவு வருவதில்லை. 1999 பிளேஆஃபில் முதல் பேஸை நோக்கித் தலைகுப்புறப் பாய்ந்து தோள்பட்டையைப் பெயர்த்துக்கொண்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர் என்பதையும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆள் 2000இல் தொடர்ந்து 18 ஆட்டங்களில் ஓட்டமெடுத்து, ரெட் ரோல்ஃப் 1939இல் நிறுவிய சாதனையைச் சமன் செய்தார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒப்பந்தம் போடுகிறவர்களோ அடுத்து வரப்போகும் காயத்துக்குத்தான் கணக்குப் போடுவார்கள்.

ஏரிக்கரை வாசகி எழுதியது:

எண்கணக்கன் ஐயா 2007 என்று எழுதிவிட்டு ஒரே வரியில் கடந்துவிட்டார். எனக்கு அந்த ஆண்டைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

நாற்பது வயதில் மூன்றாம் முறையாகக் கிளீவ்லாந்துச் சீருடை அணிந்து வந்தவர் யாங்கீஸுக்கு எதிரான முதல் சுற்றில் சிறப்பாக ஆடினார். பாஸ்டனுக்கு எதிரான இறுதித் தொடரில் அணி 3-1 என்று முன்னிலை பெற்றது. வழக்கம்போல அது கரைந்து ஏழாவது ஆட்டத்துக்கு வந்தது. ஏழாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 3-2 என்று முன்னிலையில் இருந்தபோது, எதிரணித் தடுப்பாட்டக்காரர் தவறவிட்ட ஒரு பந்தினால் லாஃப்டன் இரண்டாம் பேஸில் நின்றார். அடுத்து ஃபிராங்க்ளின் குட்டியரெஸ் அடித்த பந்து மூன்றாம் பேஸ் கோட்டை ஒட்டிச் சென்று, பார்வையாளர் பகுதிச் சுவரில் பட்டு வெளிக்களத்துக்குள் திரும்பி உருண்டது. லாஃப்டன் மூன்றாம் பேஸைச் சுற்ற வந்தபோது பயிற்சியாளர் ஜோயல் ஸ்கின்னர் இரு கைகளையும் உயர்த்தி நிறுத்தினார். லாஃப்டன் நின்றார். அடுத்த மட்டையாளர் கேசி பிளேக் அடித்த பந்து இரட்டை அவுட்டாகி இன்னிங்ஸ் முடிந்தது. அதன்பின் பாஸ்டன் ஓட்டங்களைக் குவித்து 11-2 என்று வென்றது.

1995இல் சியாட்டிலில் யாரையும் கேளாமல் ஓடிய அதே மனிதர், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, சமன் செய்யும் ஓட்டம் கண்ணெதிரே இருக்கும்போது நிறுத்தப்பட்டார். ஸ்கின்னர் ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் கத்தத் தோன்றுகிறது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

வலதுகைப் பந்தாளன் எழுதியது:

வாசகி அவர்கள் சொன்னதைப் படித்தபின் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது: அவருடைய அணிகள் தோற்ற விதங்களைத் தொகுத்தால் அது வேறு எந்த ஆட்டக்காரரின் வரலாற்றிலும் காணக் கிடைக்காத தொகுப்பாக இருக்கும். 2002 வேர்ல்ட் சீரீஸில் சான் பிரான்சிஸ்கோ 3-2 என்று முன்னிலை பெற்று, ஆறாவது ஆட்டத்தில் ஐந்து ஓட்டங்கள் முன்னால் நின்று தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி அவுட் இருவர் பேஸில் நிற்க லாஃப்டன் உயரத் தூக்கி அடித்த பந்து. 2003இல் கப்ஸ் 3-1 முன்னிலையைத் தொலைத்தது. 2004இல் யாங்கீஸ் 3-0 முன்னிலையில் இருந்து பாஸ்டனிடம் தோற்றது. அதற்கு முன் மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி நடந்ததே இல்லை. 2007ஐப் பற்றி மேலே இருக்கிறது. வேர்ல்ட் சீரீஸ் வென்ற அணியினருக்குக் கிடைக்கும் மோதிரம் ஒன்றுகூட இல்லாமல் அவர் ஓய்வு பெற்றார்.

எனினும் 0.247 என்ற எண்ணை யாரும் மறுக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

எண்கணக்கன் எழுதியது:

மறுக்கவில்லை. அத்துடன் சேர்த்து, பிளேஆஃப் ஆட்டங்களில் அவர் திருடிய 34 பேஸ்கள் ரிக்கி ஹெண்டர்சனின் 33ஐத் தாண்டிய சாதனை என்பதையும் பதிவு செய்துவிடலாம். ஹெண்டர்சனும் ஒன்பது அணிகளுக்கு ஆடியவர்தாம். 2009இல் முதல் வாய்ப்பிலேயே மண்டபத்துக்குள் நுழைந்தார். 1406 பேஸ் திருட்டுகள் இருந்தால் எத்தனை ஊர் சுற்றினாலும் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு படி கீழே நிற்கிறவருக்குத்தான் தன் பெயரைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஊர்ப் பத்திரிகைகளும் ரசிகர்களும் தேவைப்படுகிறார்கள். டிம் ரெய்ன்ஸ் என்னும் மற்றொரு வேக ஆட்டக்காரருக்காக அப்படிப் பல ஆண்டுகள் எழுதினார்கள். 2017இல் அவரும் தேர்வானார். லாஃப்டனுக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவேயில்லை. அவர் வந்த 2013 பட்டியலில் பாண்ட்ஸ், கிளெமன்ஸ், சோசா, பியாட்சா, பிஜியோ, ஷில்லிங் ஆகியோரும் முதல்முறையாக நின்றார்கள். ஒரு வாக்காளர் பத்துப் பெயர்களுக்கு மேல் எழுத முடியாது. அவர்களில் சிலர் மீதான ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு பற்றிய சண்டையில் வாக்குகள் சிதறி, அந்த ஆண்டு எழுத்தாளர்களின் வாக்கில் எவருமே தேர்வாகவில்லை.

இன்னொரு சிறு எண்: 8120 முறை மட்டை பிடித்து 2428 ஹிட் எடுத்ததால் அவருடைய சராசரி 0.299 என்று அச்சாகிறது. இன்னும் நான்கு ஹிட்கள் விழுந்திருந்தால் 0.300 என்று அச்சாகியிருக்கும். முழு எண்ணைப் பார்த்து மயங்குகிற வாக்காளர்கள் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

புதியவன் எழுதியது:

இனி அவருக்கு வழியே இல்லையா? அப்படி ஒருவேளை தேர்வானால், மண்டபத்தில் வைக்கும் அவருடைய உருவப் பலகையில் எந்த அணியின் தொப்பி இருக்கும்?

ஏரிக்கரை வாசகி எழுதியது:

வழி இருக்கிறது. எழுத்தாளர்கள் கைவிட்டவர்களைக் காலகட்ட வாரியாக ஆராய்கிற பதினாறு பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. அதில் பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் முதலில் அந்தக் குழுவின் எட்டுப் பேர் பட்டியலுக்குள் அவர் பெயர் வரவேண்டும், அதுவே பெரும்பாடு.

தொப்பியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கிளீவ்லாந்துக்காக அவர் திருடிய பேஸ்கள் 452. அந்த அணியின் வரலாற்றில் அதுவே முதலிடம். 2010இல் அந்த அணி தன் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துக்கொண்டது. மற்ற பத்து அணிகளும் அவரைச் சில மாதங்களோ ஒரு பருவமோ வைத்திருந்தன; இங்கே அவர் மூன்று முறை வந்து பத்துப் பருவங்கள் ஆடினார்.

வலதுகைப் பந்தாளன் எழுதியது:

அந்தப் பன்னிரண்டு வாக்குகளில் என்னுடையது ஒன்றாக இருந்தால் இன்னமும் யோசிப்பேன். ஆனால் அந்தப் பதினெட்டுப் பேரை இனி கேலி செய்ய மாட்டேன்.